பண்டிகை ஒரு நாள், டப்பா பத்து நாள்



அரையாண்டுத் தேர்வு முடியப் போகிறது. அடுத்து கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று வரிசையாகப் பண்டிகைதான். நம்ம பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கேக், மக்ரூன் என்று தட்டு வந்துவிடும். வேண்டாம் என்றால், "ஒரு நாள்தானே, சாப்பிடு பிள்ள" என்பார்கள். இந்த "ஒரு நாள்தானே" பற்றித்தான் எழுத வந்தேன்.

அமெரிக்காவில் பெரியவர்கள் 195 பேருக்குப் பண்டிகைக் காலத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தார்கள். அந்த ஆய்வு 2000-ஆம் ஆண்டு வெளிவந்தது. சராசரியாகக் கூடியது 370 கிராம்தான். ப்பூ, இவ்வளவுதானா என்று தோணும். ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அது குறையவே இல்லை! வருஷா வருஷம் இப்படியே சேர்ந்தால் 10 வருஷத்தில் மூன்றரைக் கிலோவைத் தாண்டிவிடும். ஒரே ஒரு நாள் விருந்தால் இது நடப்பதில்லை. மிச்சப் பலகாரம் டப்பாவில் இருக்கிறதே, டிவி பார்க்கும்போது ஒன்று, போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று கை போகிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கிறது.

நம்ம தூத்துக்குடி மக்ரூனையே எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு, அவ்வளவுதான். வெள்ளைக்கருவை நுரை பொங்க அடிப்பதால் உள்ளே காற்று நிறைந்துவிடும். அதனால் கையில் எடுத்தால் கனமே தெரியாது, வாயில் போட்டால் கரைந்துவிடும். வயிற்றுக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் 100 கிராம் மக்ரூனில் 400 கலோரிக்கு மேல் இருக்கும். அது கிட்டத்தட்ட 6 இட்லிக்குச் சமம். வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டு யாராவது 6 இட்லி சாப்பிடுவார்களா? மக்ரூன் என்றால் மட்டும் சாப்பிடுகிறோம்! அதை நடந்து கரைக்க வேண்டுமென்றால் பெரியவர்களுக்கே 2 மணி நேரம் ஆகும்.

இன்னொரு விஷயம். கடலுக்குப் போகிறவர்கள், சங்கு குளிக்கிறவர்கள், உப்பளத்தில் பெட்டி சுமக்கிறவர்கள் நிறையச் சாப்பிட்டாலும் வேலையில் செலவாகிவிடும். பண்டிகை நாளில் படகு கரையில் நிற்கும். மழைக்காலத்தில் உப்பளத்திலும் உற்பத்தி இருக்காது. உடம்பு ஓய்வாக இருக்கிற நேரத்தில்தான் தட்டு பெரிதாகிறது. லீவில் நாமும் அப்படித்தானே?

வீட்டில் சர்க்கரை வியாதி உள்ள ஆச்சி, தாத்தா இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த வியாதி இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. ஐந்து வீட்டில் "ஒரு நாள்தானே" என்று ஒவ்வொரு துண்டு கொடுத்தால் ஐந்து துண்டு ஆகிவிடும். "இல்லை, வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் வற்புறுத்தாதீர்கள், கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். சீனி போன்ற இனிப்பை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 டீஸ்பூனுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது நோய் இல்லாதவர்களுக்கே! அதில் 4 ஸ்பூன் நம்ம இரண்டு வேளை டீயிலேயே போய்விடும்.

வயிறு நிறைந்த சேதி மூளைக்கு முழுசாய்ப் போய்ச்சேர ஏறக்குறைய 20 நிமிஷம் ஆகும். அதனால் முதலில் மீன் குழம்பு, காய்கறி என்று சாப்பாட்டை மெதுவாகச் சாப்பிட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பலகாரத்தைப் பாருங்கள். ஆசை பாதி குறைந்திருக்கும்.

லீவு முடிந்ததும் "குண்டாயிட்டேன்" என்று சில அக்காமார் காலைச் சாப்பாட்டையே விட்டுவிடுகிறார்கள். அது ரொம்பத் தப்பு. வளர்கிற வயதில் பட்டினி கிடந்தால் இரத்தசோகைதான் வரும். பள்ளியில் வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை தருவது எதற்காம்? சாப்பாட்டை விடாமல் சாயங்காலம் கடற்கரையில் கபடி, கோகோ விளையாடுங்கள்.

டப்பாவை மட்டும் கைக்கு எட்டாத பரணில் வைக்கச் சொல்லுங்கள். எடுக்கும்போது தட்டில் இரண்டு வைத்து, மூடிவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். மூடியைச் சரியாக மூடாமல் எறும்பு ஏறினால் நான் பொறுப்பில்லை!

- 9-ஆம் வகுப்பு மாணவி