கேபினுக்குள் பெய்யும் மழை

மும்பையில் பருவமழை வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கிச் செப்டம்பர் இறுதி வரை நீடிக்கும். அந்த நான்கு மாதங்களும் நாசிக் வட்டாரத்திலிருந்து வெங்காயமும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு, கசாரா மலைப்பாதை வழியாக நவி மும்பையின் வாஷிச் சந்தைக்கு வரும் பிக்கப் வண்டிகளுக்குச் சோதனைக் காலம். தாராவியில் வசிக்கும் தமிழ் நண்பர் ஒருவர், நான்கு ஆண்டுகள் ஓடிய பிக்கப் ஒன்றை வங்கிக் கடனில் வாங்கி இதே தடத்தில் ஓட்டிவந்தார். முதல் மழைக்காலத்திலேயே கேபினின் இடப்பக்கத் தரைவிரிப்பு நனையத் தொடங்கியது. காலையில் பழந்துணியால் ஒற்றியெடுத்துப் பிழிந்துவிட்டு வண்டியை எடுப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு, மலைப்பாதையில் கொட்டும் மழையில் வைப்பர் நின்றது. சற்று நேரத்தில் முன்விளக்குகளும் அணைந்தன. வண்டியை ஓரங்கட்டி, விடியும்வரை காத்திருந்து, இழுவை வண்டியை வரவழைத்தார். டேஷ்போர்டுக்குக் கீழே வயரிங் இணைப்புகள் பச்சைப் பாசம் பூத்து அரித்துக் கிடந்ததைப் பட்டறையில் காட்டினார்கள். பழுதுபார்த்த செலவு ஒரு மாதத் தவணையைத் தாண்டியது. வண்டி ஒன்பது நாள் நின்றது. வாடிக்கையான சரக்கு வேறொருவர் கைக்குப் போயிற்று. தவணைத் தேதி மட்டும் தள்ளிப்போகவில்லை.

காப்பீடு கைகொடுக்கும் என்று நம்பியிருந்தார். விரிவான மோட்டார் காப்பீடு வெள்ளத்தாலும் புயலாலும் நேரும் சேதத்தை ஏற்கும். ஆனால் நாளடைவில் ஏற்படும் தேய்மானத்தையும், இயந்திர, மின்சாரப் பழுதுகளையும் அதன் வழக்கமான வாசகம் விலக்கிவைக்கிறது. பல வாரங்களாகச் சொட்டிய நீர் அரித்த வயரிங் இந்த இரண்டாம் வகையில் சேர்ந்துவிடுகிறது. பாலிசித் தாளின் விலக்குப் பகுதியை வண்டி வாங்கும் நாளிலேயே படித்துவிடுவது நல்லது. பெரும்பாலோர் பழுது நேர்ந்த பிறகே அதைப் பிரிக்கிறோம்.

கசிவின் காரணத்தைக் கண்டறிய மூன்று பட்டறைகள் ஏறி இறங்க வேண்டியிருந்தது. முதலாமவர் முன்கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் பூசினார். இரண்டாமவர் கதவின் ரப்பர் பீடிங்கை மாற்றினார். இரண்டும் வீண். மூன்றாமவர் கையில் எதையும் எடுக்கவில்லை. “எப்போது நனைகிறது, எங்கே நனைகிறது, நீர் எப்படி இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார். அந்த மூன்று கேள்விகளிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

நீரின் தன்மையை முதலில் பார்க்க வேண்டும். மழையோ கழுவலோ இல்லாத நாளில், ஏ.சி. ஓடிய பிறகு மட்டும் தெளிந்த குளிர்ந்த நீர் தேங்கினால், அது பெரும்பாலும் வெளியே போக வேண்டிய ஏ.சி. கழிவுநீர், அதன் வடிகுழாய் தூசியால் அடைத்திருக்கும். விரலில் ஒட்டும் பிசுபிசுப்பும் இனித்த வாடையும் இருந்து, கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலம்போல் மூட்டம் படிந்தால், அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலண்ட். அதைச் சுவைத்துப் பார்க்கவே கூடாது, நஞ்சு. மழைக்குப் பின் மட்டும் நனைந்தால், வெளிநீர் எங்கோ வழி கண்டுபிடித்திருக்கிறது என்று பொருள்.

அந்த வழியைத் தேடும்போது ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். நீர் தேங்கும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. கூரை விளிம்பில் புகுந்த துளி, உட்புறத் தகட்டின் வழியே தூணில் இறங்கி, வயரிங் கட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி, காலடியில் சொட்டும். ஆகவே விரிப்பு, அதன் அடியிலுள்ள மெத்தை, ஓரப் பிளாஸ்டிக் மூடிகள் அனைத்தையும் அகற்றி, தகடு தெரியும்படி துடைத்து உலர்த்திய பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும். ஐயமுள்ள இடங்களில் முகப்பவுடரை மெல்லத் தூவிவிட்டால், நீர் வந்த தடம் கோடாகத் தெரியும்.

சோதனைக்கு இருவர் வேண்டும். ஒருவர் டார்ச் விளக்குடன் உள்ளே அமர, மற்றவர் வெளியே தோட்டக் குழாயால் மெதுவாக நீர் விட வேண்டும். கீழிருந்து மேலாகச் செல்வதே முறை: முதலில் கதவின் அடிப்பகுதி, பிறகு கண்ணாடியின் கீழ் விளிம்பு, பக்கங்கள், கடைசியாகக் கூரை. ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும். முதலிலேயே கூரையில் ஊற்றினால் நீர் எல்லா இடங்களையும் நனைத்துவிடும்; எது குற்றவாளி என்று தெரியாது. வண்டி கழுவும் உயரழுத்தப் பீச்சுக்குழாய் இதற்கு உதவாது. நல்ல பீடிங்கையும் அது கடந்து சென்று, இல்லாத கசிவைக் காட்டும்.

நீரின்றியும் ஒரு வழி உண்டு. கதவு, கண்ணாடி யாவற்றையும் மூடி, வெளிக்காற்றை உள்ளிழுக்கும் நிலையில் விசிறியை முழு வேகத்தில் வைத்து, வெளியே இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால், ஓட்டையுள்ள இடத்தில் குமிழி எழும். கதவுப் பீடிங்குக்குத் தாள் சோதனையே போதும்: துண்டுத்தாளை வைத்துக் கதவை மூடி இழுக்க வேண்டும், பிடிப்பின்றி வழுக்கி வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. பலர் சட்டைப்பையிலுள்ள ரூபாய்த் தாளை எடுத்து இதைச் செய்கிறார்கள். வங்கி இதழில் எழுதுவதால் சொல்கிறேன், பழைய ரசீது போதும்.

நண்பரின் வண்டியில் குறை வைப்பருக்குக் கீழே இருந்தது. முன்கண்ணாடியில் வழியும் நீரெல்லாம் பானட்டின் பின்புறமுள்ள தொட்டி போன்ற பள்ளத்தில் விழுந்து, இரு ஓரத் துளைகள் வழியே தரைக்கு இறங்க வேண்டும். காற்று உள்ளே செல்லும் வாயும் அதே பள்ளத்தில்தான் இருக்கிறது. மூடியைக் கழற்றியபோது, உள்ளே வெங்காயத் தோல் அடை அடையாக ஊறிக் கிடந்தது! வெங்காயம் ஏற்றும் சந்தைகளில் காற்றில் பறக்கும் சருகு, துளைகளை அடைத்திருந்தது. நிரம்பிய நீர் காற்று வாயில் வழிந்து, இடப்பக்கத் தரைக்கு வந்திருக்கிறது. மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் இலைச் சருகு இதே வேலையைச் செய்யும். கையால் அள்ளி, மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் துளையைத் துழாவிவிட்டால் போதும்; செலவே இல்லை.

மற்ற இடங்களிலும் இதே பொறுமை வேண்டும். கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு. அடி விளிம்பிலுள்ள துளைகள் வழியே அது வெளியேறும். உட்பலகைக்குப் பின்னுள்ள பிளாஸ்டிக் தாள் அதைக் கேபினுக்குள் விடாமல் தடுக்கிறது. ஸ்பீக்கர் பொருத்துவதற்காக அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுபவர்கள் ஏராளம். புதிய தாளைப் பியூட்டைல் பட்டையால் ஒட்டினால் சரியாகும். எஞ்சின் பக்கத் தகட்டில் வயர்கள் நுழையும் ரப்பர் வளையங்கள், கூரைக் கேரியருக்காகத் துளைத்த ஓட்டைகள், கேபினின் பின்கண்ணாடி ஆகியவையும் பார்க்க வேண்டியவை.

முன்கண்ணாடி பசையால் ஒட்டப்பட்ட வண்டிகளில் கசிவு கண்ணாடியிலிருந்துதான் என உறுதியானால், அதைப் பழகிய கைகளிடமே விட வேண்டும். கண்ணாடியை எடுத்து, துருவைச் சுரண்டி, பிரைமர் இட்டு, யூரிதேன் பசையால் மீண்டும் பொருத்தி, பசை இறுகும்வரை வண்டியை நிறுத்திவைப்பதே முறையான வேலை. மேலாகப் பூசும் சிலிக்கான் மலிவுதான். ஆனால் புளிப்பு வாடை வீசும் வகை தகட்டில் துருவைத் தூண்டும். அதன் மிச்சம் ஒட்டியிருக்கும் இடத்தில் பின்னர் பெயின்டும் பசையும் பிடிப்பதில்லை. நண்பரின் வண்டியில் முதல் பட்டறை பூசியதைச் சுரண்டி எடுக்கவே அரைநாள் ஆயிற்று.

கசிவு அடைபட்ட பின்னரும் ஈரம் உள்ளேயே இருக்கிறது. விரிப்பின் அடிமெத்தை பஞ்சுபோல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே தொட்டால் உலர்ந்ததாகத் தோன்றும். இருக்கையைக் கழற்றி, மெத்தையை வெளியே எடுத்து வெயிலில் காயவைக்க வேண்டும். இருக்கையின் அடியில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் அது ஏர்பேக்குக்கு உரியதாக இருக்கலாம். அதைத் தொடாமல் மெக்கானிக்கை அழையுங்கள். தரைத்தகட்டில் துரு மேலோட்டமாக இருக்கும்போதே தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடித்துவிட்டால் விற்கும்போது விலை குறையாது.

பழைய வண்டி வாங்கக் கடனுக்கு விண்ணப்பிப்போர் இதே கண்ணால் பார்க்கலாம். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, எண்ணற்ற வண்டிகள் மூழ்கின. அத்தகைய ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும், கழுவித் துடைத்த வண்டிகள் தொலைவிலுள்ள சந்தைகளுக்கு வந்து சேர்கின்றன. முன்பணம் கொடுக்குமுன் விரிப்பின் ஓரத்தைத் தூக்குங்கள். இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, ஃபியூஸ் பெட்டியில் வண்டல், சீட் பெல்ட்டை முழுதும் இழுத்தால் தெரியும் நீர்க்கறை ஆகியவற்றைப் பாருங்கள். புதிதாக அடித்த வாசனைத் திரவியத்தின் மணம் தூக்கலாக இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

நண்பர் இப்போது ஞாயிறுதோறும் பானட்டைத் திறந்து அந்தப் பள்ளத்தில் கைவிட்டுப் பார்க்கிறார். சென்ற வாரமும் ஒரு பிடி வெங்காயத் தோல் கிடைத்ததாம்.