பேச்சைப் பந்தி பரிமாறும் பெட்டி

திண்டுக்கல் நகரில் ஒருவர், சின்னாளபட்டி, வேடசந்தூர், நத்தம், ஒட்டன்சத்திரம் ஆகிய ஊர்களில் நால்வர். இந்த ஐந்து மாணவர்களும் மாலையில் பேசிக்கொண்டே கணக்குப் போட விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கான சர்வரை எங்கோ மும்பையில் தேடுவானேன்? கூடத்துச் சுவரில் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் ரூட்டரே போதும்!

‘சர்வர்’ என்றதும் நம் ஊர்ப் பிரியாணிக் கடை நினைவுக்கு வருகிறதா? வரட்டும். அங்குள்ள சர்வர் சமைப்பதில்லை. சமைத்ததைக் கொண்டுவந்து இலைதோறும் வைக்கிறார். குரல் சர்வரும் அப்படித்தான். பேசுபவரின் கைப்பேசியே ஒலியை 20 மில்லிசெகண்டு அளவுள்ள துண்டுகளாக நறுக்கி, 2012-இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் முறையில் சுருக்கி அனுப்பிவிடுகிறது. சர்வர் அதைப் படியெடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பூட்டி அனுப்பினால் போதும். வேலை இவ்வளவு எளிது என்பதால்தான், மம்பிள் என்னும் இலவச மென்பொருளுக்கு யுமர்மர் என்ற சிறிய சர்வரை ரூட்டருக்கென்றே எழுத முடிந்தது. ரூட்டரில் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. இயங்க வேண்டும், எல்லா ரூட்டர்களும் அதை ஏற்பதில்லை. (வீட்டிலுள்ள ஒரே ரூட்டரில் சோதனை செய்து அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்!)

சுமை எவ்வளவு? ஒரு குரலுக்கு, அதனோடு ஒட்டிச் செல்லும் முகவரியையும் சேர்த்து, விநாடிக்கு 60 கிலோபிட் என்று கொள்வோம். ஒருவர் பேச நால்வர் கேட்டால், ரூட்டர் அனுப்ப வேண்டியது 240. ஐவரும் ஒரே நேரத்தில் கத்தினால் 5 × 4 × 60 = 1,200. பத்துப் பேர் கத்தினால் 10 × 9 × 60 = 5,400! ஆட்கள் இரு மடங்கு. சுமையோ நாலரை மடங்கு.

உண்மையான சிக்கல் வாசலில் இருக்கிறது. நத்தத்து நண்பர் உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமே! ஐ.பி.வி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தாம். அவை போதாமல், இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குள் அடைக்கின்றன. ரூட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்குகிறதா? அப்படியானால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான். மம்பிளுக்குரிய 64738-ஆம் கதவை நீங்கள் திறந்து வைத்தாலும், தெருக்கதவின் சாவி நிறுவனத்திடம் இருக்கிறது.

கட்டணம் செலுத்திப் பொது முகவரி கேட்கலாம். அல்லது 128 பிட் நீளமுள்ள ஐ.பி.வி6 முகவரி உங்களுக்கும் நண்பர்களுக்கும் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால், ரூட்டரின் காவலில் அந்த ஒரு கதவுக்கு மட்டும் அனுமதி தந்தால் போதும். மற்றவை மூடியே இருக்கட்டும். முதலில் இன்றிரவு அந்த வெளி முகவரியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.