கல் எழுத்து – 9: சதியபுதோ யார்?

வாஷியில் செக்டார் செக்டாராக நடந்தால், பெயர்ப் பலகைகளில் 'சாத்புதே' என்ற மராத்திக் குடும்பப்பெயர் எங்காவது கண்ணில் படும். நூறு ஆண்டுகளுக்கு முன் ஆர்.ஜி. பண்டார்கர் அந்தப் பெயரைத்தான் அசோகர் கல்வெட்டில் விளங்காமல் நின்ற ஒரு சொல்லுக்கு விடையாகச் சொன்னார்.

அந்தச் சொல் 'சதியபுதோ'. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை, மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. எல்லைக்கு அப்பால் உள்ளவர்கள் என்று கிர்நார்ப் பாறை ஒரு வரிசை தருகிறது: சோழர், பாண்டியர், சதியபுதோ, கேதலபுதோ, தாமிரபரணி. கடைசி இரண்டும் சேரரும் இலங்கையும். நடுவில் நின்றவர்தான் பிடிபடவில்லை. 1838-ல் ஜேம்ஸ் பிரின்செப் கிர்நார் எழுத்தைப் படித்து வெளியிட்ட பிறகும் அந்த இடம் இருட்டாகவே இருந்தது. பல ஊர்ப் பாறைகளில் அதே கட்டளை கிடைத்தது. ஆனால் எங்கும் அதே பட்டியல்தான். சொல்லைச் சுற்றி வேறு செய்தி இல்லாதபோது எத்தனை பிரதிகள் கிடைத்தும் என்ன பயன்?

ஒலி ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். வின்சென்ட் ஸ்மித் சத்தியமங்கலம் என்றார். சத்தியவிரத க்ஷேத்திரமான காஞ்சிதான் என்றது இன்னொரு கட்சி. இவற்றில் எதையும் நான் இளக்காரமாகப் பார்க்க மாட்டேன். கையில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் வேறென்ன செய்ய முடியும்?

கே.ஜி. சேஷ ஐயர் தகடூர் அதியமானைச் சுட்டினார். மொழியியலாளர் டி. பர்ரோ 1947-ல் அதற்கு ஒலி இலக்கணம் சேர்த்தார். சொல்லின் முதலில் நின்ற சகரம் தமிழில் உதிர்வது உண்டு. சிராவணம் ஆவணியானது, சமணர் அமணருமானார்கள். சதிய என்பதில் சகரம் போனால் அதிய. 'புத' என்றால் மகன். சேரமானில் உள்ள 'மான்' மகன் என்பதன் குறுக்கம் என்றால், கேதலபுதோ சேரமான், சதியபுதோ அதியமான். இரண்டு பெயர்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்று காட்டியதுதான் இந்த வாதத்தின் வலிமை. மற்றவர்கள் பெயரின் பாதியை மட்டுமே பார்த்தார்கள். ஆனாலும் அது ஊகம்தான்.

1981-ல் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில், ஒரு குன்றின் குகையில் தமிழ்-பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. ஒற்றை வரி: 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி'. அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த குகை உறைவிடம். ஔவையார் பாடிய அதே அஞ்சி! பட்டம் பிராகிருதம், பெயர் தமிழ்; இரண்டும் அருகருகே நின்று சதியபுதோ அதியமானே என்று சொல்லிவிட்டன. தமிழ் எழுத்தில் ஸகரம் இல்லாததால் வெட்டியவர் வடபிராமியிலிருந்து அதைக் கடன் வாங்கியிருக்கிறார்.

துருக்கியின் காராதெப்பேயில் 1946-ல் கண்டுபிடித்த கல்வெட்டு பினீசியமும் லூவியமும் அருகருகே பேசியதால்தான் லூவிய சித்திர எழுத்தின் பல வாசிப்புகள் உறுதியாயின. அங்கே நீண்ட வாசகம் செய்த வேலையை ஜம்பையில் ஆறு சொற்கள் செய்துவிட்டன.

ஜம்பைக் கல்வெட்டின் நம்பகத்தன்மை பற்றிக் கேள்வி எழுந்ததும் உண்டு. ஐராவதம் மகாதேவன் 2003-ல் வெளியிட்ட பெருந்தொகுப்பில் அதைச் சேர்த்து, கி.பி. முதல் நூற்றாண்டு என்று கணித்தார். அசோகருக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் பிந்தியவன் அந்தப் பட்டத்தை இன்னும் சூடியிருந்தான் என்பதே என்னை வியக்க வைக்கிறது.

வாஷிக்காரர்கள் ஹார்பர் லைனில் சிஎஸ்எம்டி போய், கோட்டைப் பகுதி அருங்காட்சியகத்தில் சோப்பாராக் கல்லைப் பார்க்கலாம். 1882-ல் பகவான்லால் இந்திராஜி கண்டெடுத்த எட்டாம் கட்டளையின் துண்டு அது. பின்னர் 1956-ல் ஒன்பதாம் கட்டளையின் துண்டு கிடைத்தது. இரண்டாம் கட்டளையும் அங்கே வெட்டப்பட்டிருந்தால், இந்தக் கரையிலும் அதியமான் பெயர் இருந்திருக்கும்.

'சதிய' என்ற முன்பாதி வடமொழி 'சத்திய'த்திலிருந்து வந்ததா, தமிழின் ஆதி வடிவமா? வழக்கு இன்னும் நடக்கிறது. அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.