ஜவ்வாது ஓடையில் நச்சுத் தண்ணீர்ப்பாம்பு தோன்றுமா?

ஜவ்வாது மலையின் ஓடைகளிலும் ஏரிகளிலும் இன்று நீந்தும் தண்ணீர்ப்பாம்புக்கு ஆளைக் கொல்லும் நஞ்சு இல்லை. பல லட்சம் ஆண்டுகள் கழித்து, நீரிலேயே வாழும் கொடிய நச்சுப்பாம்பு ஒன்று இங்கே உருவாகுமா? கேள்வி கற்பனைதான். ஆனால் இதற்கு விடை தேட, உலகின் வேறு இடங்களில் ஏற்கெனவே நடந்தவை உதவுகின்றன.

இப்போது நீரில் இருப்பது எது?

உடலெங்கும் கட்டம் போட்டதுபோல் இருக்கும் நீர்க்கோலிதான் நாம் அடிக்கடி பார்ப்பது. மீனும் தவளையும் அதன் இரை. சீண்டினால் கழுத்தைத் தட்டையாக்கிச் சீறும், சட்டென்று கடிக்கும். ரத்தம் கசியுமே தவிர உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்தத் தட்டைக் கழுத்தைப் பார்த்து, நல்ல பாம்பு என்று பயந்து அடித்துவிடுகிறார்கள்.

நஞ்சு வருவதற்கு இரண்டு வழிகள்

நீர்ப்பாம்புக்கே நஞ்சு வலுப்பது முதல் வழி. நீர்க்கோலியின் உறவுக்காரப் பாம்பான யமககாஷி ஜப்பானில் வயலோரம் தவளை பிடித்து வாழ்கிறது. அதை நெடுங்காலம் சாதுவென்றே நினைத்திருந்தார்கள். கடிபட்டுச் சிலர் இறந்த பிறகுதான், மேல்தாடையின் பின்பக்கப் பற்கள் வழியே கடும் நஞ்சு இறங்குவது உறுதியானது. தான் தின்னும் தேரைகளின் நஞ்சையும் அது கழுத்துச் சுரப்பிகளில் சேமித்துவைக்கிறது.

நச்சுப்பாம்பு நீரில் இறங்குவது இரண்டாவது வழி. நம் கடலோர மீனவர் வலைகளில் சிக்கும் கடற்பாம்புகள் நாகப்பாம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் மூதாதைப் பாம்புகள் நிலத்தில் வாழ்ந்தவை. வால் துடுப்பாகத் தட்டையானது, மூக்குத் துளைக்கு மூடி வந்தது, உப்பை வெளியேற்ற நாக்கின் அடியில் சுரப்பி அமைந்தது. நன்னீரிலும் இது நடந்திருக்கிறது. பிலிப்பைன்ஸின் தால் ஏரியில் ஒரு கடற்பாம்பு இனம் வாழ்கிறது. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் மீன் தின்னும் நீர்நாகம் உண்டு.

இரைதான் தீர்மானிக்கிறது

கடிபட்ட எலி ஓடினாலும் மோப்பம் பிடித்துப் பின்தொடரலாம். மீன் நழுவினால் போனதுதான். அதனால்தான் பல கடற்பாம்புகளின் நஞ்சு இரையை விரைவாக முடக்குகிறது. மீன் முட்டைகளை மட்டுமே தின்னப் பழகிய சில கடற்பாம்புகளுக்கோ நஞ்சு மிகவும் வலுவிழந்துவிட்டது. முட்டை தப்பி ஓடுவதில்லை அல்லவா!

ஜவ்வாதில் எது தடை?

தனித்து நிற்கும் மலை புதிய இனங்களுக்கு ஏற்ற இடம்தான். சேர்வராயன் மலைக்கு மட்டுமே உரிய மண்புதைப் பாம்பு இனம் ஒன்று இருக்கிறது. ஆனால் ஜவ்வாதின் ஓடைகள் மழைக்காலத்தில் பெருகிக் கோடையில் சுருங்குபவை. செய்யாறு பிறக்கும் மலை என்றாலும் ஆண்டு முழுதும் ஆழமான நீர் கிடைப்பதில்லை. ஓடை வற்றியதும் பாம்பு தரையேறியாக வேண்டும். அங்கே துடுப்பு வால் பாரம். நல்ல பாம்புக்கோ நிலத்திலேயே எலியும் தவளையும் கிடைக்கின்றன. அது நீருக்குக் குடிபோக வேண்டிய தேவையே இல்லை.

ஆகவே இங்கே அப்படியொரு பாம்பு தோன்றினால், அது கடற்பாம்பைப்போல் இருக்காது. தவளை தின்று, நீரிலும் கரையிலும் மாறிமாறி வாழும் யமககாஷியைப்போல்தான் இருக்கும்.

மருந்து கைகொடுக்குமா?

நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டே இந்தியாவில் நச்சுமுறிவு மருந்து தயாராகிறது. அதற்கு நஞ்சு எடுத்துத் தருவதில் 1978-ல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு. இம்மருந்து கடற்பாம்புக் கடிக்கானதல்ல. யமககாஷிக்கென ஜப்பான் தனி மருந்தே தயாரிக்க வேண்டியிருந்தது. புதிய நஞ்சு வந்தால் நமக்கும் புதிய மருந்து தேவைப்படலாம்.

பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு 2024-ல் அறிவித்தது. எந்தப் பகுதியில் எவ்வகைக் கடி கூடுகிறது என்பதை இத்தகைய பதிவுகள்தான் காட்டும்.

இன்றைக்கு ஜவ்வாதில் உள்ள ஆபத்து நீர்க்கோலியால் அல்ல, தவளை தேடி அதே கரைக்கு வரும் நல்ல பாம்பு போன்ற நச்சுப்பாம்புகளால்தான். எனவே கடித்தது எது என்று ஊகித்துக் காத்திருக்கக் கூடாது. காயத்தைக் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் தவறு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.