ஜவ்வாதுல ஐஸ் ஏஜ்!

ஜவ்வாது மலைக்கு ட்ரிப் போனா என்ன பண்ணுவீங்க? பீமன் அருவியில ஒரு குளியல், காவலூர்ல வைணு பாப்பு டெலஸ்கோப்போட ஒரு போட்டோ, திரும்பும்போது ரெண்டு கிலோ சாமை அரிசி... அவ்ளோதானே? ஆனா பாஸ், வானத்துக்கும் அந்தச் சாமைக்கும் நடுவுல சூப்பர் கதை ஒண்ணு இருக்கு. பனியுகக் கதை!

பூமி சுத்துற பாதையோட வடிவம் சுமார் 1 லட்சம் வருஷ கணக்குல மாறும். அதோட சாய்வு 41 ஆயிரம் வருஷத்துக்கு ஒரு தடவை கூடிக் குறையும். போதாக்குறைக்கு பம்பரம் மாதிரி ஒரு தள்ளாட்டம் வேற! இதெல்லாம் சேர்ந்து வடதுருவப் பக்கம் கோடை வெயிலைக் குறைச்சா, பனி உருகாம சேர்ந்துக்கிட்டே போகும். கணக்குப் போட்டுச் சொன்னவர் செர்பிய விஞ்ஞானி மிலன்கோவிச்.

கடைசிப் பனியுகத்தோட உச்சம், சுமார் 20 ஆயிரம் வருஷத்துக்கு முன்னால. கடல் 120 மீட்டர் இறங்கிப்போச்சு. ராமேஸ்வரத்துல இருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம்! ஆனா நம்ம மலைகளை மூடினது ஐஸ் இல்லை... வறட்சி. பருவமழை பலவீனமாச்சு. காற்றுல கார்பன் டை ஆக்ஸைடு இன்னிக்கு இருக்கிறதுல பாதிகூட இல்லை.

ஜெயிச்சது யாரு?

மரங்கள் திணற, ஜெயிச்சது புல்! வெப்பநாட்டுப் புல் பலதும் 'சி-4' ரகம். கம்மி தண்ணி, கம்மி கார்பனை வெச்சே வண்டி ஓட்டும். ஜவ்வாது மக்கள் பயிர் பண்ற சாமையும் அதே 'சி-4' பார்ட்டிதான். நெல்லும் மரங்களும் 'சி-3'.

ஆதாரம்? ஊட்டி பக்கத்துல சாண்டிநல்லா சதுப்புல இருக்கு. பல்லாயிரம் வருஷமா மக்கின செடிகள் அங்கே அடுக்கடுக்கா கிடக்கு. 'சி-4' செடியில கார்பன்-13 கொஞ்சம் தூக்கலா இருக்கும். அதை அளந்து பார்த்து, யானை ஆராய்ச்சியில பேர்போன ரா.சுகுமாரும் அவரோட குழுவும் 1993-ல 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. பனியுக உச்சத்துல புல் ராஜ்ஜியம். சுமார் 10 ஆயிரம் வருஷத்துக்கு முன்னால மழை வலுத்தப்ப 'சி-3' செடிகளோட கை ஓங்கியிருக்கு. காடும் புல்லும் காலங்காலமா ஆடின கபடி!

இது தெரியாம நீலகிரிப் புல்வெளியை 'சும்மா கிடக்கிற தரிசு'ன்னு நினைச்சு யூகலிப்டஸையும் சீகை மரத்தையும் நட்டுத் தள்ளினாங்க. கோடாலி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அங்கே இருந்தது புல். அதை நம்பித்தான் நம்ம மாநில விலங்கு வரையாடே வாழுது. புல் போனா, அதுக்கு மேய இடம் ஏது?

அடுத்த என்.எஸ்.எஸ். கேம்ப்ல மரக்கன்றோட மலை ஏறப் போறீங்களா? குழி தோண்டறதுக்கு முன்னாடி ஊர்ப் பெரியவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ''தாத்தா, இங்கே முன்னாடி இருந்தது மரமா, புல்லா?''

'புல்லு'ன்னு பதில் வந்தா... கடப்பாரையைக் கீழே வெச்சிடுங்க ப்ளீஸ்!