சவுக்குக் காத்து பட்டா பிள்ளைக்குத் தும்மலா? மூணு வருஷம் பொறுத்தா வழி இருக்கு!

காலையில எழுந்ததும் வரிசையா பத்துத் தும்மல். மூக்குல தண்ணி, கண்ணுல அரிப்பு. அலர்ஜி மாத்திரை போட்டா அடங்கிடும். ஆனா சில மாத்திரைகளுக்கு முதல் பீரியட்லயே பிள்ளை தூங்கி விழும். உங்க வீடு காரைக்கால் பக்கம்னா, "கடல் காத்து ஒத்துக்கலை" என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

அந்தக் காற்றில் உப்பு மட்டும் வர்றதில்லை. இந்தக் கரையோரச் சவுக்குத் தோப்புகளின் மகரந்தம் காற்று வழியாகத்தான் பரவும். போதாததற்குச் சீமைக்கருவேலம். நம்ம நாட்டில் மகரந்த அலர்ஜி தரும் முக்கியமான மரங்களில் அதுவும் ஒன்று.

மாத்திரை அன்றன்றைய தும்மலைத்தான் அடக்கும். அலர்ஜியின் போக்கையே மாற்றப் பார்ப்பது இம்யூனோதெரபி. ஒத்துக்கொள்ளாத மகரந்தத்தையே துளியூண்டு கொடுத்து, படிப்படியாகக் கூட்டி, உடம்பைப் பழக்கிவிடுவது. 1911-ல் லண்டனில் லெனார்ட் நூன் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த வழி இது.

குழந்தைகளுக்கு இதில் கூடுதல் லாபம் உண்டு. மூக்கு அலர்ஜி சிலருக்கு ஆஸ்துமாவில் போய் முடியும். ஐரோப்பாவில் பிர்ச் மர, புல் மகரந்த அலர்ஜி இருந்த பிள்ளைகளுக்கு மூன்று வருஷம் ஊசி போட்டு, ஆரம்பத்திலிருந்து பத்து வருஷம் கழித்துப் பார்த்தார்கள். 2007-ல் வந்த முடிவு: ஊசி போட்டவர்களில் 100-க்கு 25 பேருக்கு ஆஸ்துமா, போடாதவர்களில் 45 பேருக்கு. நம்ம ஊர் மரங்களுக்கும் இதே கணக்கு என்று சொல்லிவிட முடியாதுதான்.

அதுக்காக நேரா ஊசிக்கு ஓடிடாதீங்க. எந்தப் பொருள் ஒத்துக்கலைன்னு முதலில் தெரியணும். ஈரப்பதம் அதிகமான கடலோர வீடுகளில் மெத்தைத் தூசிப் பூச்சியே காரணமாக இருக்கலாம். முன்கையில் சின்னதாகக் குத்திப் பார்க்கும் தோல் பரிசோதனையில் 15, 20 நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதற்குச் சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தணும். எத்தனை நாள் என்று டாக்டரைக் கேளுங்கள். பட்டியலில் இருபது பொருளுக்குத் தடிப்பு வந்தாலும், பிள்ளையின் தொந்தரவோடு பொருந்துவது எதுவோ அதுதான் கணக்கு. எல்லாத்தையும் கலந்து ஒரே ஊசி என்றால், ஏன் என்று தைரியமாகக் கேளுங்கள்.

பொதுவாக ஐந்து வயதுக்கு மேல்தான் தொடங்குவார்கள். ஆரம்பத்தில் வாராவாரம், பிறகு மாதம் ஒரு ஊசி. மொத்தம் மூன்று முதல் ஐந்து வருஷம். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காரணும். அபூர்வமாக மூச்சுத்திணறல் வரை போகலாம், கைவசம் அட்ரினலின் இருக்கணும். அதனால வீட்டில் போட்டுக்கொள்ளும் பேச்சே வேண்டாம். அன்னைக்கு ஃபுட்பாலும் வேண்டாம். ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாத பிள்ளைக்கு முதலில் அதைச் சரிசெய்யணும். நாக்குக்கடியில் விடும் சொட்டு மருந்தும் உண்டு. முதல் வேளை மட்டும் டாக்டர் முன்னால், மற்றது வீட்டில். தினமும் மறக்காம போடணும், சிக்கலே அங்கதான்.

டீன் ஏஜ் பிள்ளைகள் பாதியில் விடுவது பெரும்பாலும் பரீட்சை, ஹாஸ்டல் என்று இடம் மாறும்போது. ப்ளஸ் டூ-வில் தொடங்குவதைவிட எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கினால் பள்ளி முடிவதற்குள் பெரும்பகுதி முடிஞ்சிடும். நடுவில் சில ஊசி தவறினால் விட்ட இடத்திலிருந்து அதே அளவில் போடக்கூடாது, டாக்டர் அளவைக் குறைத்துத்தான் மறுபடி ஏற்றுவார். தேதி எழுதின அட்டையைப் பத்திரமா வச்சிருங்க. வெளியூர் காலேஜுக்குப் போகும்போது அதையும் பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.