வேதசாட்சியும் செப்புத் தகடும்: கைவண்ணம் தீட்டிய பழைய செதுக்குப் படங்கள்

ஆண்டுதோறும் ஜூன் 29ஆம் நாள் மலாக்கா உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பில் மீனவர் படகுகள் அலங்கரிக்கப்பட்டு மந்திரிக்கப்படுகின்றன. அது புனித பேதுருவின் திருநாள். நகருக்குள் 1710இல் கட்டப்பட்ட தேவாலயமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. உரோமையில் நீரோ மன்னன் காலத்தில் தலைகீழாகச் சிலுவையில் அறையப்பட்டவர் என்று மரபு கூறும் இந்தப் பேதுரு, தொடக்ககாலக் கிறித்துவ வேதசாட்சிகளுள் ஒருவர். இத்தகையோரின் உருவங்கள் கடல் கடந்து மக்களைச் சென்றடைய முக்கியக் கருவியாக இருந்தவை, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டப்பட்ட படங்களாகும்.

சாட்சி என்னும் சொல்

கிரேக்கத்தில் ‘மார்ட்டிஸ்’ என்றால் சாட்சி சொல்பவர். கொண்ட நம்பிக்கைக்காக உயிர் துறந்தவரைப் பின்னர் அச்சொல் குறித்தது. தமிழில் ‘வேதசாட்சி’ என்றும் இன்று ‘மறைசாட்சி’ என்றும் வழங்கும் சொற்கள் அந்த மூலப்பொருளை இழக்காமல் காத்துள்ளன. இவர்களின் கதைகள் தமிழுக்குப் புதியனவும் அல்ல. என்றிக்கே என்றிக்கசு அடிகளார் தமிழில் எழுதிய ‘அடியார் வரலாறு’ 1586இலேயே புன்னைக்காயலில் அச்சேறியது.

உருவத்தை அறிவது எப்படி?

கையில் வேல் இருந்தால் முருகன் என்று நாம் உடனே சொல்லிவிடுகிறோம். இப்படங்களிலும் அதே முறைதான். குருத்தோலை ஏந்தியிருந்தால் அவர் வேதசாட்சி. திறவுகோல் பேதுருவைக் குறிக்கும். இரும்பு வாட்டுச் சட்டம் லாரன்சைக் குறிக்கும். பற்சக்கரம் கேத்தரினைக் குறிக்கும். ஆட்டுக்குட்டி ஆக்னசைக் குறிக்கும். மரத்தில் கட்டுண்டு அம்பு தைத்த நிலையில் நிற்பவர் செபஸ்தியார். மரபின்படி அவர் அம்புகளால் மடியவில்லை. ஐரீன் என்னும் பெண்மணி காப்பாற்றிய பின், மீண்டும் மன்னன் முன் நின்று கண்டித்துப் பேசியதால் அடித்துக் கொல்லப்பட்டார். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் 1501ஆம் ஆண்டையொட்டி இவரைச் செப்புத் தகட்டில் செதுக்கினார்.

தகட்டிலிருந்து தாளுக்கு

கூரிய உளியால் செப்புத் தகட்டில் கோடுகள் கீறப்படும். தகடு முழுவதும் மை பூசி மேற்பரப்பைத் துடைத்துவிட்டால், பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரமான தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கு இடையே அழுத்தினால், தாள் பள்ளத்திலுள்ள மையை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கோடுகள் தாளில் மெல்ல மேலெழும்பி நிற்கும். தகட்டின் விளிம்பும் படத்தைச் சுற்றி ஒரு பள்ளமாகப் பதியும்.

அச்சு கறுப்பில் மட்டுமே வரும். நீர்வண்ணம் பின்னர் தூரிகையால் தீட்டப்படும். ‘டூரரின் கோடுகளுக்கு வண்ணம் தேவையில்லை, பூசினால் கெடும்’ என்ற கருத்தை அறிஞர் எராஸ்மஸ் 1528இல் வெளியிட்டார். அதன் தாக்கத்தால் வண்ணம் தீட்டிய படங்கள் நெடுங்காலம் மதிப்புக் குறைந்தனவாகவே கருதப்பட்டன. 2002இல் பால்ட்டிமோர் கலைக்கூடம் நடத்திய கண்காட்சி, வண்ணம் தீட்டுவது அக்காலத்தில் தேர்ந்த கைவினைஞர்கள் செய்த தனித்தொழில் என்பதை எடுத்துக்காட்டியது.

இந்தியாவிலும் இதன் தடம் உண்டு. 1580இல் இயேசு சபையினர் அக்பருக்குச் செதுக்குப் படங்கள் கொண்ட பன்மொழி விவிலியத்தை வழங்கினர். 1588இல் முகலாய ஓவியர் கேசுதாஸ், ஐரோப்பியச் செதுக்குப் படமொன்றைத் தழுவிப் புனித மத்தேயுவை வண்ணத்தில் வரைந்தார்.

உண்மையானதா, பிற்காலத்ததா?

உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். ஒழுங்கான வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது இருபதாம் நூற்றாண்டு இயந்திர அச்சு. ஒழுங்கற்ற புள்ளிகளும் திட்டுகளும் பல நிறங்களில் இருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய வண்ணக் கல்லச்சாக இருக்கலாம். கறுப்புக் கோடுகள் தெளிவாக இருந்து, வண்ணம் அவற்றின்மேல் படர்ந்து ஓரங்களில் வழிந்திருந்தால் அது கைவண்ணம். செம்பு கலந்த பழைய பச்சை நிறம் தாளைத் துளைத்துப் பின்புறம் பழுப்பாகத் தெரிவதும் உண்டு. அடியில் உள்ள இலத்தீன் சொற்களையும் கவனியுங்கள்: ‘பிங்சிட்’ வரைந்தவரையும், ‘ஸ்கல்ப்சிட்’ செதுக்கியவரையும், ‘எக்ஸ்குடிட்’ வெளியிட்டவரையும் சுட்டும்.

நம் பங்கு

தங்கா பத்து வட்டாரம் உட்பட மலாக்காத் தோட்டங்களை விட்டு நம்மவர்கள் வெளியேறியபோது, பாத்திரங்களும் கட்டில்களும் லாரி ஏறின. சுவரில் மாட்டிய படங்கள் பல இடங்களில் ஆணியோடு நின்றுவிட்டன. அவற்றுள் பெரும்பாலானவை மலிவான அச்சுகளாக இருக்கலாம். ஆனால், முருகனாயினும் செபஸ்தியாராயினும், ஒரு குடும்பம் எதன்முன் விளக்கேற்றியது என்பதற்கு அப்படமே சான்று. எழுத்தில் பதிவாகாத தோட்ட வாழ்வுக்கு இத்தகைய பொருள்களே ஆவணம்.

ஆகவே மாணவ நண்பர்களே, பழைய படம் கிடைத்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், நீர்வண்ணம் கரைந்துவிடும். ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக் உறையிட்டு லேமினேட் செய்யாதீர்கள். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், கண்ணாடி தாளைத் தொடாதவாறு வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, அது யார் வீட்டில், எந்தத் தோட்டத்தில், எப்போது இருந்தது என்று பெரியவர்களிடம் கேட்டுத் தனித்தாளில் எழுதிப் படத்தோடு சேர்த்து வையுங்கள். படத்தின் வயதைத் தாளும் மையும் சொல்லும். அதை வணங்கியவர்களின் பெயரை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.